குளத்தில் தண்ணீர் பிடித்தவர்

யுத்த காலம். திருத்தணி மலைக்கோயிலில் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் சிரித்ததும் பழுப்பேறிய பற்களைக் கண்டு எழுந்து போய்விட்டார்கள். அடிவாரக் குளத்துப் படியில் உட்கார்ந்து, ஈறில் ரத்தம் வர அவள் மணலால் பல் தேய்த்தாள்.

பக்கத்தில் ஒருவர் சர்க்கார் சோதனைக்காகச் சீசாக்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, காக்கிச் சட்டை. பேசும்போதெல்லாம் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

“தேய்க்காதம்மா, அது அழுக்கு இல்ல. எந்த ஊர் தண்ணி?”

“கண்டிகைங்க. எங்க கிணறு கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றேன்.

“இருக்கும். ஆனா பாறையத் தொட்டுகினே கெடக்குது இல்லீங்களா? தொடற எடத்துல கல்லுல இருக்கற ஒரு உப்பு மெதுவாக் கரையுது. சூடே வேணாம். பல்லு மொளைக்கறதுக்கு முந்தியே அதுல ஏறிடுது.”

“போக்க வழி?”

“இவளுக்கு இல்லீங்க. சின்னக் கொழந்த இருந்தா ஏரித் தண்ணியக் காய்ச்சிக் குடுங்க.”

துண்டை விலக்கினார். அவர் பற்களும் அதே போலப் பழுப்பேறி இருந்தன.

மகள் நிமிர்ந்தாள். “உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?”

அவர் சீசாக்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கி முடித்தார்.

“ஆங். ரெண்டு பசங்க” என்றார், எங்களைப் பார்க்காமல்.

மகள் கையிலிருந்த மணலை உதறினாள். அவர் இவளுக்குப் பல் முளைக்கும் முன்பே எங்கள் ஊருக்கு வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. கடைசியாகச் சொன்னது உண்மைதானா என்று மட்டும் நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.