தவளை லோரியின் கண்ணாடி

நனைந்து காய்ந்த கித்தானுக்கு ஒரு வாசம் உண்டு. பெட்ரோலும் துருவும் பழைய வெங்காயச் சருகும் கலந்து, வெயில் ஏற ஏறப் பழுத்து வரும் வாசம். போன மாதம் பினாங்கின் ஜெலுத்தோங்கில் காரை நிறுத்திவிட்டு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பட்டறைச் சுவரோரம் எதையோ மூடிக் கிடந்த கித்தானிலிருந்து அது எழுந்து வந்து என்னை நிறுத்தியது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கினால் வெறும் தகரமாகவோ உடைந்த நாற்காலியாகவோ இருந்துவிடும். தூக்காதவரை அது எங்கள் வண்டிதான்.

சுங்கை பினாங்கில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் 'தவளை லோரி' என்பார்கள். பெயர்தான் லோரி, முன்னால் ஒரே நீள இருக்கையும் பின்னால் திறந்த மரத்தொட்டியும் கொண்ட சின்ன பிக்அப் அது. உப்பிய மூக்கு, இருபுறமும் பிதுங்கி நிற்கும் விளக்குகள், மழைக்காகக் காத்திருக்கும் முகபாவம். ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் சுமந்து ஓய்ந்து, சக்கரத்துக்குள் புல் முளைத்துக் கிடந்ததை அப்பா வாங்கி வந்து, ஞாயிறு தவறாமல் துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பச்சைச் சாயம் பூசி எழுப்பியிருந்தார். என்னைவிட வயதில் மூத்தது என்பதால் "இந்த வீட்டுக்கு அதுதான் மூத்த பிள்ளை" என்பார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பாய் வைத்திருந்த மொத்தக் கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி, ஜெலுத்தோங் 'பாசார்' சந்தை வரைக்கும் கடை கடையாக இறக்கிக்கொண்டு வருவது அவர் பிழைப்பு.

ஓட்டுநர் கதவில், நீண்ட இரும்புக் கை ஒன்றின் நுனியில், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி இருந்தது. அப்பா நெடிய மனிதர். அவர் கண் உயரத்துக்கு அது திரும்பியிருக்கும். வண்டி வீட்டு வாசலில் நிற்கும் நேரமெல்லாம் நான் ஏறி உட்கார்ந்து அதை என் பக்கம் திருப்பி முகம் பார்ப்பேன். அவர் வந்து, என்னைப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, ஜன்னல் வழியே கையை நீட்டி இரண்டு விரலால், குழந்தையின் மோவாயைத் திருப்புவது போல, அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அதன் பிறகுதான் சாவி.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் காலையில் மூட்டை ஏற்றப் புறப்பட்ட அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரரின் டாக்சியில் அம்மா அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். நான் எப்போதும் போல லோரியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தேன். டாக்சியின் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, அந்த வலியிலும் பாதிச் சிரிப்போடு, "பாப்பா, கண்ணாடிய மட்டும் திருப்பிறாதலா. நான் வந்து ஓட்டணும்" என்றார். டாக்சி லோரிக்குப் பின்பக்கமாகப் போய், தெருமுனைக் கோயில் மரத்தடியில் திரும்பி மறைந்தது. அவர் திரும்பி வரவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நான் இருக்கையின் மேல் ஏறி நின்று, அப்பாவின் உயரத்துக்கு என் கண்களைக் கொண்டுபோய், அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். தெரு முழுக்கத் தெரிந்தது. கோடியில் அந்த மரம், அந்தத் திருப்பம். அவர் போன வழி அதற்குள் இருந்தது. வந்தால் அதற்குள்தான் வருவார். கண்ணாடி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பினால் யாரும் பார்க்காத நேரத்தில் அவர் வந்து, வீடு அடையாளம் தெரியாமல் திரும்பிவிடுவார் என்று என் மனதுக்குள் ஒரு கணக்கு ஊறிப்போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவும் அதைத் தொடவில்லை. வண்டியின் மேல் கித்தானைப் போர்த்தும்போதுகூட, கண்ணாடி அசையாமல் இருக்க அதற்கு மட்டும் ஒரு பழைய தலையணை உறையைத் தனியே மாட்டிவிட்டாள்.

இரண்டு மழைக்காலம் வண்டி அப்படியே கிடந்தது. அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு மாறிமாறி 'ஷிப்டு' போய் வந்தாள். அவள் இல்லாத இரவுகளில் பக்கத்து வீட்டில் நான் படுத்துக்கொள்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் பாய் ஆள் அனுப்பினார்: வண்டி மட்டும் ஓடினால் அதே கடைகள், அதே சரக்கு, யாரை வைத்து ஓட்டினாலும் சரி. அம்மா யாரையும் வைக்கவில்லை. கார் ஓட்டப் பழகி உரிமம் எடுத்தாள். பிறகு ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருந்த மணியம் அண்ணனிடம் வண்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

வண்டியின் வயிற்றைத் திறந்து பார்த்த மணியம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, இது வண்டி இல்லக்கா, எலிக் குடும்பம். வாடகை வாங்கியிருக்கலாம் நீங்க."

"பேசாம வேலையப் பாருலா."

அவர் பார்த்தார். தரைத் தகடு அறுத்து மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்தார். எலி கடித்த வயரையெல்லாம் உருவிப் போட்டார். ஒவ்வொரு முறை போகும்போதும் அப்பாவின் வண்டியில் கொஞ்சம் குறைந்து, வேறொரு வண்டி கொஞ்சம் கூடியிருந்தது. பச்சைச் சாயத்தைச் சுரண்டியபோது அடியில் தோட்டத்துச் சாம்பல் நிறமும், அதற்கும் அடியில் ஒரு நீலமும் தெரிந்தன. யார் யாரோ அதற்குள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அவர் கண்ணாடிக்கு வந்தார். "ரசம் போச்சுக்கா. புதுசு ஒன்னு கெடக்கு, மாட்டிடவா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "அது இருக்கட்டும்" என்றாள்.

வண்டி வெளியே வந்த அன்று நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். மணியம் அண்ணன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுமங்கலி யாராவது வரட்டும் என்பது போல மனைவியைத் தேடிக்கொண்டு நின்றார். அம்மா அவர் கையிலிருந்து பழங்களை வாங்கி, குனிந்து, தானே வைத்தாள். பிறகு தானே ஏறி நசுக்கினாள்.

அம்மா குட்டை. அப்பாவின் கனத்தில் இருக்கையில் விழுந்திருந்த பள்ளத்தில் அவள் உட்கார்ந்தால், எதிரே வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த பத்து விரல்கள் மட்டுமே தெரியும். கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்தது வானமும் வீட்டுக் கூரைகளும் மின்கம்பிக் காக்கைகளும்தான். அதனால் நான் அவள் கண்ணாடி ஆனேன். எனக்குப் பள்ளி மத்தியானம். விடிந்ததும் அவளோடு ஏறிக்கொண்டு, இருக்கையில் பின்பக்கம் திரும்பி மண்டியிட்டு, தலைக்குப் பின்னால் இருந்த சிறு சன்னல் வழியே மூட்டைகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வருவேன்.

"பின்னால யாருடி?"

"மோட்டார் ஒன்னு வருதும்மா. போவட்டும். ம்... பஸ்சு. இப்ப யாரும் இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"யாருமே இல்லம்மா."

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்ப்பேன். நான் தேடிக்கொண்டிருந்தது பஸ்ஸை அல்ல.

பாசாரில் கீரை விற்கும் அஞ்சலை அக்காள்தான் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தாள். "அடியே பார்வதி! வண்டி ஆளில்லாம தானா வருதுடி! உன் வீட்டுக்காரரா ஓட்டுறாரு?"

"ஆமாக்கா" என்றாள் அம்மா, மூட்டையை இறக்கிக்கொண்டே. "அவரு ஓட்டுறாரு. நான் சும்மா கூட வரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது செய்தி. பாசார் முழுக்க 'பேய் வண்டி' என்று கேலி பரவியபோது எனக்கு மட்டும் உள்ளுக்குள் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. அம்மா தலையணைகளை அடுக்கி உட்காரத் தொடங்கி, அவள் தலை வெளியே தெரிய ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. எனக்கு அழுகை வந்தது.

தலையணைகள் முன்பாதையைச் சரிசெய்தன, பின்பாதையை அல்ல. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று அம்மா தனியே போனாள். பாசார் சந்திலிருந்து பின்னோக்கி எடுத்தபோது, கண்ணாடியில் வானம் மட்டும் நீலமாக இருந்திருக்கிறது. யாரோ தொட்டிப் பலகையை இரண்டு கையாலும் அறைந்து கத்தினார்கள். நிறுத்தி இறங்கிப் பார்த்தால், சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில், பழப்பெட்டி ஒன்றில் துணி விரித்துப் போட்டு, சோயாக் கட்டியான தவ்வு விற்கும் பெண்ணின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் எனக்குப் பின்னால் சொன்னது அஞ்சலை அக்காள். அம்மா அன்று சரக்கை இறக்காமலே வந்திருந்தாள். வண்டியிலிருந்து இறங்கவும் இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணாடிய திருப்பு."

நான் அசையவில்லை.

"நீதான் திருப்பணும். அவரு உன்கிட்டதானே சொல்லிட்டுப் போனாரு."

"அப்பா வந்தா?" என்றேன்.

அம்மா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வரமாட்டார் என்று அவள் அப்போது சொல்லியிருக்கலாம். எல்லாரும் சொல்லிவிட்ட ஒன்றுதான் அது. "வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள்.

நான் கதவுப்படியில் ஏறி நின்று இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். இரும்பு முனகியது. மரமும் திருப்பமும் மெல்லச் சரிந்து வெளியே போக, கூரைகள் போக, வானம் போக, ரசம் உதிர்ந்த அந்த வட்டத்துக்குள் அம்மாவின் கண்கள் வந்து நின்றன. அவை நனைந்திருந்தன. அவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண்களை நான் பார்த்ததே இல்லை போலத் தோன்றியது.

மறுநாள் அம்மா யாரையும் கேட்காமல் பின்னால் பார்த்து ஓட்டினாள். நான் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கைக்கு வேலை இல்லாதவள் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடையெல்லாம் முடித்து மதியம் வாசலில் வண்டியை நிறுத்தியபோது அம்மா கையைச் சட்டென்று கதவிலிருந்து எடுத்துவிட்டாள். கண்ணாடி திரும்பியிருந்தது. நான் இருக்கையில் ஏறி நின்று பார்த்தேன். அதே தெரு, அதே மரம், அதே திருப்பம், நூலளவு பிசகில்லாமல்.

மணியம் அண்ணன் வந்து ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். "பேயும் இல்ல பிசாசும் இல்லக்கா. இத்தனை வருஷம் ஒரே எடத்துல நின்னுச்சுல்ல, அந்த எடத்துல இரும்பு தேஞ்சு பள்ளம் விழுந்துருக்கு. குலுங்கக் குலுங்க அங்கதான் போய் உக்காரும். டைட் பண்ணிடவா?"

அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி, இரண்டு விரலால், கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். வீடு திரும்பும்போது அது அப்பாவின் பக்கம் போயிருக்கும். "மனுசன் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு" என்பாள், சோற்றைப் பிசைந்துகொண்டே, மழை வந்துவிட்டுப் போனதைச் சொல்வது போல. நான் பெரியவளாகி, இரும்பையும் தேய்மானத்தையும் பள்ளியில் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும், சாயங்காலங்களில் ஒருமுறை வாசலுக்குப் போய் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கு வைப்பேன்.

இப்போது அந்தத் தெருவில் எங்கள் வீடு இருந்த இடம் அடுக்குமாடி ஒன்றின் கார் நிறுத்துமிடம். மரத்தை வெட்டிவிட்டார்கள். பாயின் கடை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்குக் காப்பி விற்கிறார்கள். வாசலில் அலங்காரத்துக்கென்று ஒரு வெங்காயச் சாக்கு. மணியம் அண்ணனின் பட்டறை எந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது என்று போன மாதம் எவ்வளவு நடந்தும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவும் போய்விட்டாள். என் காரில் கண்ணாடி பொத்தானை அழுத்தினால் திரும்பும், வைத்த இடத்தில் நிற்கும். இரவெல்லாம் நின்றாலும் காலையில் அங்கேயேதான் இருக்கிறது. அதை நான் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், அம்மாவின் கண்ணில் புரை விழுந்து இனி ஓட்டக்கூடாது என்றானபோது, பழைய வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளும் ஒரு இளைஞர் ஈப்போவிலிருந்து வந்தார். நல்ல பிள்ளை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, உப்பிய மூக்கைத் தடவிக் கொடுத்து, ஏறி உட்கார்ந்தார். எல்லா ஓட்டுநர்களையும் போல ஜன்னல் வழியே கையை நீட்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். அது அவர் விரலில் ஆடியது.

"இது லூசா இருக்கே ஆன்ட்டி. பரவால்ல, நான் ஊருக்குப் போனதும் டைட் பண்ணிடுறேன்."

கதவைப் பிடித்தபடி நின்றிருந்த அம்மா, மங்கிய கண்ணோடு அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. பகல்ல நீங்க வச்சுக்குங்க. சாயந்திரம் அவரு பாக்கணும்."