அத்தையின் கதைப் புத்தகக் கடை

கதையில் படம் வந்துவிட்டால் நூல் சுற்றும் ராட்டைகள் நின்றுவிடும். அந்த அமைதிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அதுவரை ஏழெட்டு ராட்டைகள் ஒன்றாகக் கிறீச்சிட்டுக் கொண்டிருக்கும். வாசிக்கிற பிள்ளை தாளைப் புரட்டிப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததும் கைகளெல்லாம் அப்படியே நிற்கும். வாள் தூக்கிய ராஜாவையோ பல்லைக் காட்டும் அரக்கனையோ எல்லாரும் கண்ணாரப் பார்த்து முடித்த பிறகு அத்தை, "பாத்தது போதுஞ் சாமி, சுத்துங்க" என்பார். மறுபடி இரைச்சல் தொடங்கும்.

எங்கள் ஊர் சேந்தமங்கலம். நாங்கள் நெசவுக்காரர்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. கணவர் இறந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், சும்மா உட்கார்ந்து உண்ணமாட்டேன் என்று தெருப்பக்கத்து அறையில் கடை வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்து நெய்யும் தறிக்குழி. பஞ்சாங்கம், சிலேட்டுக் குச்சி எல்லாம் விற்றாலும், கடைக்கு உயிர் பெரிய எழுத்தில் படம் போட்டு வரும் கதைப் புத்தகங்கள்தான். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டவள் என்று ஊரில் ஒருவரும் அவரைச் சொன்னதில்லை. கடைக்காரி என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயரை அவர் நகைபோல வைத்திருந்தார்.

ராட்டைகள் கடைக்குள் வந்ததே ஒரு சண்டையால்தான். தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது நெசவு வீடுகளில் பிள்ளைகளின் வேலை. பிள்ளைகள் அதை விட்டுவிட்டுக் கடை வாசலில் மொய்த்தால் தாய்மார் சும்மா இருப்பார்களா? "ஏனுங்க, புள்ளைங்களைக் கூட்டி வெச்சுக் கதை படிக்கிறீங்களே, எங்க தறி உங்க கதையிலயா ஓடும்?" என்று ஒருத்தி வந்து கத்தினாள். அத்தை அசையவில்லை. "ராட்டையையும் கூடவே அனுப்புங்க. ஊட்டுல சுத்தறதுக்கு மேல இங்க சுத்துவாங்க" என்றார். அப்படியே நடந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசிக்கும், மற்றதுகள் சுற்றும். நல்ல கட்டம் வந்ததும் அத்தை புத்தகத்தை மூடி, "மிச்சம் நாளைக்கு" என்பார். பொறுக்கமாட்டாத பிள்ளை வீட்டில் அழுது புரண்டு புத்தகத்தை வாங்க வைத்துவிடும். வியாபாரம் தெரிந்தவர்!

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். அந்தக் கொஞ்சமும் அத்தையின் கடையில் வந்ததுதான். இன்று என் பேரன் பெற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு படக்கதைப் புத்தகத்தோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி சிரித்தால் எதற்குச் சிரித்தாள் என்று மற்றவனுக்குத் தெரிவதில்லை.

உலகச் சண்டைக் காலம் வந்தது. நூல் வரத்து நின்று தறிகள் ஓய்ந்தன. புதுப் புத்தகம் வருவதும் நின்றது. காகிதத் தட்டுப்பாட்டில் பழைய தாளுக்குக்கூட மளிகைக் கடைக்காரர்கள் அலைந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு சாவுக்காக அத்தை ஆத்தூர் போனார். அவர் திரும்புவதற்குள் அப்பா கடையிலிருந்த புத்தகங்களை அள்ளி மளிகைக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டுக் கேழ்வரகோடு வந்தார். அன்று நாங்கள் வயிறாரக் களி உண்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தை வந்து வெறும் பலகைகளைப் பார்த்தார். அழவில்லை. "எடைக்குப் போட்டதுதான் போட்டீங்க, என்னையும் தராசுல ஏத்தியிருக்கலாமுங்க அண்ணா" என்றார். அதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினார். களியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கடை போனால் அவர் பெயரும் போயிற்று என்பது எங்களுக்கே புரிந்தது.

அன்றே மளிகைக் கடைக்குப் போனார். பின்னால் நாங்கள் ஒரு கூட்டம். கடைக்காரர் ஒரு புத்தகத்தைக் கிழித்துக் கிழித்து மிளகாய் கட்டிக்கொண்டிருந்தார்.

"கதையத் தின்னாப் பசி ஆறுமுங்களா?" என்று சிரித்தார்.

"உங்க கடைப் பருப்பத் தின்னாலும் மறுநாள் பசிக்குதுங்களே" என்றார் அத்தை. "பொட்டலங் கட்ட உங்களுக்கு எல இருந்தாப் போதுமுங்களே? ஒரு கட்டு தேக்கெல தாரேன், ஒரு புத்தகங் குடுங்க."

மளிகைக்காரர் தராசைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கிழிசல் இல்லாத எலையா இருக்கோணும்" என்றார்.

மலையடிவாரத்துக்குக் கிளம்பினோம். தறி ஓய்ந்த வீடுகளில் பிள்ளைகளுக்கும் வேலையில்லை. தேக்கிலை பறித்து, அதன் சாறு பட்டுக் கைகளெல்லாம் சிவந்துபோயின. அத்தையும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு சுமந்தார். கட்டுக் கட்டாகக் கொடுத்துப் புத்தகங்களை மீட்டோம். சிலவற்றில் சீரக வாசம் அடித்தது. கிளியாகிப்போன ராணியின் கதை மட்டும் பாதிதான் கிடைத்தது. மீதி மிளகாயோடு ஊரெல்லாம் போய்விட்டது.

கடை திறந்த அன்று பிள்ளைகள் அந்தப் பாதியைத்தான் கேட்டார்கள். கிளியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதோடு தாள் முடிந்தது. "யாரு வாங்குனாங்க?" என்று எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். எத்தனையோ புத்தகம் விற்றவர், அவருக்கும் நினைவு வரவில்லை.

"மந்திரவாதி வாங்குனான்" என்றான் ஒரு பையன்.

"போடா, எங்கப்பன் வாங்குனாரு. அவருதான் வேண்டாததெல்லாம் வாங்கிட்டு வருவாரு" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

சிரிப்பு அடங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மந்திரவாதியும் இல்ல, ஒருத்தனும் இல்ல. உப்பு விக்க வந்த கெழவி வாங்கறா. கையில காசு இல்லாம உப்பை அளந்து குடுத்து வாங்கறா."

தறிச் சத்தத்தில் அவர் காதில் ஒன்றும் விழாது என்றுதான் நாங்கள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம். ஓய்ந்த தறியின் குழியில் உட்கார்ந்துகொண்டு, கிழவி கிளியை வீட்டுக்குக் கொண்டுபோனது, கிளி வாய் திறந்து பேசியது என்று ஒரு வரி விடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

அத்தை அந்தப் பாதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சுவரைப் பார்த்து, "அங்கிருந்து சொன்னாப் புள்ளைங்களுக்குச் செரியாக் கேக்கலீங்க. இங்க வந்து சொல்லுங்க அண்ணா" என்றார்.

அப்பா வந்து கதவருகில் நின்றார். உள்ளே கால் வைக்க இடமில்லை. அத்தை தான் உட்கார்ந்திருந்த பலகையில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.