இன்னும் ஒரு சுற்று

கருமத்தம்பட்டியில் எந்த விசைத்தறி மக்கர் செய்தாலும் ஃபிட்டர் ஐயாசாமியைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் ஸ்பேனரை எடுத்து, ஆடுகிற நட்டையெல்லாம் இறுக்கிவிட்டுத்தான் என்ன கோளாறு என்றே கேட்பார். "மாமன் இறுக்குனா மாமனேதான் வந்து கழட்டோணும்" என்று தறிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவருக்கு அது பட்டம் வாங்கின மாதிரி.

மகள் கனிஷ்கா ஆஸ்திரியாவில் படிக்கிறாள். அன்று மதியம் ஒன்றரைக்குப் பனிமலை அடிவாரத்திலிருந்து வீடியோவில் வந்தாள். முதல் தடவை சறுக்கப் போகிறாள். பூட்ஸ் அறைத்தோழியுடையது, ஸ்கீ பலகை வேறு யாரோ கொடுத்த பழசு.

"அப்பா, பூட்ஸு நிக்காம லொடலொடங்குதுங்க."

பலகைமேல் பூட்ஸைக் கவ்வுகிற பிடியைக் காட்டினாள். முன்னால் ஒரு திருகு, பக்கத்தில் எண்கள்.

"அதை ரெண்டு சுத்து இறுக்கு கண்ணு. இன்னும் ஒரு சுத்து. ம், அவ்வளவுதான்."

"இப்பத் தேவலைங்க. மேல போறேனுங்கப்பா."

சற்று நேரத்தில் பலகையோடு நிற்கிற படம் ஒன்றும் அனுப்பினாள்.

லீவில் சரவணம்பட்டி வந்திருந்த அந்த அறைத்தோழி தேஜஸ்ரீ, கனிஷ்காவுக்கான பருப்புப்பொடிப் பொட்டலத்தை வாங்க இரண்டரைக்கு வந்தாள். ஐயாசாமி படத்தை நீட்டினார்.

"இங்கிருந்தே ஆஸ்திரியாவுக்கு ஃபிட்டர் வேலை பாத்துப்போட்டேன் அம்மணி!"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"அங்கிள், இது பனியில நடக்கறதுக்கும் ஆவற பூட்ஸுங்க. அடி வளைஞ்சிருக்கும். இந்தப் பழைய பிடி தட்டை அடிக்குத்தானுங்க. ரெண்டும் சேராது, அதான் ஆடியிருக்குது."

"அதான் இறுக்கியாச்சே அம்மணி."

"அது அதுக்கான திருகில்லைங்க. உழுந்தா எவ்வளவு முறுக்குல இந்தப் பிடி பூட்ஸை உடோணும்னு வெக்கிறதுங்க. இறுக்கிப்போட்டா உடாதுங்க அங்கிள். கால்தான் திருகிக்கும்."

குறுக்கே ஓடுகிற நாடா, நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் சிக்கினால் தறி தானாக நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் பாவு மொத்தமும் அறுந்துபோகும். ஐயாசாமிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கூப்பிட்டார். மணி போகவில்லை. மறுபடி, மறுபடி. "கண்ணு, பலகையைக் கழட்டிப்போட்டு நடந்தே எறங்கு" என்று குரலைப் பதிந்து அனுப்பினார். ஒற்றை டிக். தேஜஸ்ரீயும் அனுப்பினாள். அதற்கும் ஒற்றை டிக். ஆடுகிற எதையும் நிறுத்திவிடுகிற அந்தக் கைகளால் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. மனைவி நாச்சியம்மாள் என்னவென்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்காமல், "டவர் இல்லை" என்றார்.

நாலரைக்குக் கனிஷ்காவே பேசினாள். ஆஸ்பத்திரியிலிருந்து.

"பயப்படாதீங்கப்பா. முழங்காலுக்குக் கீழ முறிஞ்சிருக்குதாமா. உருண்டனுங்க, பலகை காலோடயே சுத்திப்போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொன்ன மாதிரி நான் சரியா இறுக்கலையாட்ட இருக்குதுங்கப்பா. இன்னும் ஒரு சுத்து சுத்தியிருக்கோணும்."

"இல்லை கண்ணு" என்று ஆரம்பித்தார் ஐயாசாமி.

அதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவருக்குப் புரியாத மொழியில் அவளிடம் பேச ஆரம்பித்திருந்தார்கள்.