வேகாத உருளைக்கிழங்கு

அதைத்தான் சொல்ல வந்தேன் அம்முணி, நேத்துப் பொழுதோட எங்க ஊட்டுல நடந்த கூத்தை. நீ கீரையை ஆஞ்சுக்கிட்டே கேளு, நான் நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போறேன்.

என்ற பேத்தி மசக்கைன்னு திருப்பூர்ல இருந்து வந்து கெடக்கறாளில்ல, தண்ணி குடிச்சாக்கூட வெளிய வந்துருது. இனியும் வவுத்துல எதுவும் நிக்கலைன்னா குன்னூருக்குக் கூட்டிட்டுப் போயி குளுக்கோஸ் ஏத்தோணும்னு நர்ஸம்மா கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க. இவ ஊசின்னாலே நடுங்கற புள்ள. "அம்மிச்சி, சின்னதுல வெச்சுக் குடுப்பியே கோழி இஸ்டு, அது மட்டும் எறங்கும்"னு அழுவறா.

ஸ்டூன்னு வெள்ளைக்காரங்க சொல்ற அந்த இஸ்டு என்ன நெனச்ச நேரத்துக்கு வருமா? சுத்திப் பாக்க வர்றவங்க தங்கற பங்களாவுல முழுக் கோழியைச் சுட்டு, அது மிச்சமானாத்தான் எங்க ஊட்டுல இஸ்டு. நான் அங்க சமையலுக்கு இருந்தப்பவும் அப்படித்தான், இப்ப என்ற மவ இருக்கறா, இப்பவும் அப்படித்தான். எங்க ஊட்டுக்காரரு, சுட்ட கோழியை மறுக்கா வேக வெக்கற பொம்பள நீ ஒருத்திதான்னு திட்டிக்கிட்டே தட்டை நீட்டிக்கிட்டு இருப்பாரு. அதை உடு.

நேத்துப் பாரு, பங்களாவுக்கு வந்த பெங்களூர்க்காரங்க முழுக் கோழி கேட்டிருக்காங்க. என்ற மவளும் கெழங்கு, கேரட்டெல்லாம் சுத்தி அடுக்கிச் சுட்டு மேசையில வெச்சா, பைக்காராவுல போட்டிங் போயிட்டு வந்தது தலையைச் சுத்துதுன்னு தயிர்சாதம் கேட்டாங்களாம்! கோழியை நீயே கொண்டு போம்மான்னு குடுத்துட்டாங்க.

இங்கதான் வம்பு. பொழுதெறங்கின நேரத்துல கறி கொண்டாந்தா கூட ஒரு கரித்துண்டு வெச்சுக் கொண்டாரோணும், இல்லாட்டிக் காத்துக்கருப்பு பின்னாலயே வந்துரும். கரியைத் துணியில முடிஞ்சு பை மேல கட்டறதுதான் வழக்கம். இந்த மவராசி, மேல கட்டினா கொரங்கு புடுங்கிரும்னு, கணப்புல கெடந்த கரித்துண்டை எடுத்துத் தூக்குப்போசிக்குள்ளயே போட்டு மூடிக் கொண்டாந்துட்டா. வந்தவ ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல? போசியை என்ற கையில குடுத்துப்போட்டு, குளுரு தாங்கலைன்னு வெந்நி வெக்கப் போயிட்டா.

அந்த நேரம் பாத்துக் கரண்ட்டும் போச்சு. நான் செல்லு வெளிச்சத்துல பாதிக் கோழியை எடுத்து வெச்சுப்போட்டு, மீதியைப் பிச்சு, எலும்போட இஞ்சியும் மொளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க உட்டு, கெழங்கையெல்லாம் அப்படியே கவுத்தேன். கெழங்கை அகப்பையால மசிச்சாத்தான் இஸ்டு கெட்டியா வரும். எல்லாம் மசியுது, ஒண்ணே ஒண்ணு மட்டும் மசிய மாட்டேங்குது! தோலு கருகின கெழங்குன்னுட்டு நானும் தண்ணியை ஊத்தறேன், மூடறேன், தெறந்து குத்தறேன். கல்லாட்ட நிக்குது.

"என்ன கெழங்குடி சுட்டே? ஊட்டிக் கெழங்கா, கீழ இருந்து வந்த கெழங்கா?"ன்னு சத்தம் போட்டேன்.

"எல்லாம் ஊட்டிக் கெழங்குதான். வேக வெக்கத் தெரியலைன்னா தள்ளும்மா"ங்கறா உள்ள இருந்து.

"அம்மிச்சி, ஆச்சா?"ன்னு கட்டில்ல இருந்து இது வேற.

வந்துச்சு பாரு எனக்குக் கோவம்! அகப்பையைத் திருப்பி ஒரே குத்து. படக்குன்னு ஒடைஞ்சுது. கரண்ட்டும் வந்துச்சு. பாத்தா, மழை பேஞ்ச சாக்கடையாட்டச் சட்டி முழுக்கக் கருப்பு.

அப்பத்தான் மவராசி எட்டிப் பாத்து, "அம்மா, அந்தக் கரித்துண்டை எங்க போட்டே?"ங்கறா.

"உன்ற மவளுக்கு ஊட்டத்தான் வேக வெச்சுக்கிட்டிருக்கேன்."

"கொரங்கு புடுங்கும்னுதான் உள்ள போட்டேன்..."

"கோழியை உட்டுப்போட்டுக் கரியை எதுக்குடி புடுங்குது கொரங்கு? அது பல்லு வெளக்கப் போவுதா?"

பேத்தி கட்டில்ல குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறா. வந்ததுல இருந்து அந்தப் புள்ள சிரிச்சு நான் பாக்கலை.

கொட்டவும் மனசு வரலை. வெள்ளைத் துணியில மறுக்கா மறுக்கா வடிகட்டினேன். கெழங்கு, கறி எல்லாம் துணியோட போச்சு. மிஞ்சினது பால் ஊத்தாத டீயாட்ட ஒரு சாறு. இதெல்லாம் ஒரு இஸ்டா? எனக்கு அழுவையே வந்துருச்சு. "அதையே குடு அம்மிச்சி"ன்னு டம்ளர்ல வாங்கி உறிஞ்சினா. நாங்க ரெண்டு பேரும் பக்கெட்டைப் புடிச்சுக்கிட்டு அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறோம். வரலை அம்முணி! விடியற வரைக்கும் வரலை.

சந்தோசந்தான், இல்லைன்னு யாரு சொன்னா? ஆனாக் காலைல எந்திரிச்சு, எடுத்து வெச்ச கோழியில கறியைப் பிச்சுத் தேங்காப்பால் ஊத்தி, கெட்டியா, ஒழுங்கா இஸ்டு வெச்சுக் கொண்டு போயி நீட்டறேன், மோந்து பாத்துப்போட்டுத் தள்ளறா. "நேத்து வெச்சதுதான் வேணும். கரி போட்டு வெய்யி"ங்கறா. எத்தனை வருசம் பங்களாவுல வெச்ச கை இது! இவ ஆத்தாக்காரியோ, "போட்டுத்தான் குடேம்மா, குளுக்கோசுக்கு அது தேவலை"ங்கறா.

கேஸ் அடுப்புல கரிக்கு நான் எங்க போவேன்? அதுக்குத்தான் உங்கூட்டு வெறகுத் தண்ணியடுப்பைப் பாத்து வந்தேன். பெருசெல்லாம் வேண்டாம். அந்தா, ஓரத்துல ஆறிக் கெடக்குதில்ல ஒரு கரித்துண்டு, அதைக் கழுவிக் குடு. இந்தத் தடவை துணியில முடிஞ்சுதான் போடுவேன். எலும்பைக் குக்கர்ல ஏத்திப்போட்டு... அந்தா விசிலடிக்குது பாரு, மசக்கைக்காரி எந்திரிச்சு நிறுத்துவாளா என்ன, குடு குடு, நான் ஓடறேன்.