மச்சினனுக்காக எழுதிய சட்டம்

எங்கள் தொழிலாளர் துறையில் அவருக்கு ஓட்டையார் என்று பட்டப்பெயர். உடம்புக்கு முடியாமல் போனாலோ வேலை போனாலோ அரசாங்கமே பாதிச் சம்பளம் கொடுக்கும் காப்பீட்டுத் திட்டத்தை எழுதும் பொறுப்பு அவருடையது. அவர் திட்டம் எழுதியதைவிட அதில் ஓட்டை அடைத்ததுதான் அதிகம். அத்தனையையும் தட்டச்சு செய்து விரல் தேய்ந்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

மனைவியின் தம்பி அவர் வீட்டோடு இருந்தான். எந்த வேலையிலும் ஒட்டாதவன், சாப்பாட்டுக்கு மட்டும் நேரம் தவறாதவன். புது விதி எழுதியதும் ஓட்டையார் அவனைச் சாப்பாட்டு மேசையில் தனக்கு எதிரே உட்கார வைப்பார்.

"நீ பணம் கேட்டு வந்திருக்க. எப்படி ஏமாத்துவ, சொல்லு."

"படுத்தே கிடப்பேன் மாமா."

நோயாளி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மறுநாள் விதி வரும். பழைய வியாதியைப் புதுசு என்பேன் என்றான். முன்பே அறிகுறி இருந்தால் பணம் கிடையாது என்று வந்தது. வேலையை நானே விட்டுவிட்டு, தூக்கிவிட்டார்கள் என்பேன் என்றான். முதலாளி கைப்பட எழுதித் தர வேண்டும் என்று வந்தது. நாட்டுக்கே ஒரு சட்டம், குறி மட்டும் ஒரு மச்சினன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன்.

திட்டம் அமைச்சரவைக்குப் போகவிருந்த சமயம். தையல் கம்பெனியில் வேலை பார்த்த அவர் மனைவி, இருமி இருமி மிஷின் மேலேயே சரிந்துவிட்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. சில மாதங்கள் எழுந்திருக்கவே கூடாது என்றார் டாக்டர். இனி வர வேண்டாம் என்று கம்பெனி போனிலேயே சொல்லி முடித்துவிட்டது.

சுத்தப்பிரதியைக் கொடுக்க நான் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். "என்னையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்" என்றார் கணவரிடம்.

ஓட்டையார் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "நேர்ல வந்து கையெழுத்துப் போட முடியுமா?"

"பாத்ரூமுக்கே தம்பிதான் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான்."

"முன்னாடியே இருமல் இருந்துச்சா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"வேலைய விட்டு நிறுத்தினதுக்கு முதலாளி எழுதிக் குடுத்தாரா?"

"போன்ல சொன்னத எப்படிங்க எழுதி வாங்குறது?" ஓட்டையார் அடுத்த விதிக்குப் போகவில்லை.

தம்பி வாசற்படியில் நின்று யோசித்தான். "நான்னா முதலாளி கையெழுத்த நானே போட்டுக்குவேன் மாமா. அக்காவுக்கு அதெல்லாம் வராது."

"சும்மா இருடா. மாமா கெட்டியா எழுதியிருக்காரு" என்றார் அக்கா. கிண்டலே இல்லை. நிஜமாகவே பெருமைப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மேலதிகாரியின் மேசைக்குப் போன பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் விதிகளை ஓட்டையாரே சிவப்பு மையால் அடித்திருந்தார். மேலதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இவ்வளவையும் எடுத்துட்டா எவனாவது ஏமாத்துவானேய்யா!"

"கண்டிப்பா ஏமாத்துவான் சார்" என்றார் ஓட்டையார். "எங்க வீட்லதான் இருக்கான். வாங்கிட்டுப் போகட்டும்."