பஸ்தியான் மாமாவின் மூன்றாம் பந்தி

கொப்பி கைக்கு வந்ததும் பஸ்தியான் மாமா வாசிக்கமாட்டார், எண்ணுவார். பிழைகளுக்கு நான் போட்ட ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் கட்டைவிரல் நகத்தால் தொட்டு, உதடு அசைய, கடைசிப் பக்கம்வரை. பிறகு பக்கத்து வாங்கில் இருக்கும் கில்பட்டுக்குக் கேட்கும்படி சொல்வார்: "இருபத்தாறு. இண்டைக்கு நல்ல மீன்பாடு." ஒன்பது கோடு மட்டும் வாங்கிய கில்பட்டின் முகம் வாடிவிடும். நான்கு வருடங்களாக இதைப் பார்த்துவருகிறேன்.

எத்தாளைக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பில் அவர்தான் வயதில் மூத்தவர். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர் டொல்பின் பார்க்க வரத் தொடங்கியபோது, மீன்பிடி வள்ளத்துக்கு நீலம் பூசி, நான்கு இருக்கை பொருத்தி, வகுப்பிலும் வந்து சேர்ந்தார். என் அப்பாவோடு கடலுக்குத் தொழிலுக்குப் போனவர். மண்டபத்துக்குள் நான் "டீச்சர்". வாசலைத் தாண்டினால் "பிள்ள".

எண்ணி முடிந்ததும் காரணம் கேட்பார். பிழை என்றால் ஏன் பிழை என்று சொல்லவேண்டும். சொன்னால் தலையாட்டுவார். "சும்மா, இப்பிடி எழுதினா வடிவா இருக்கும்" என்றால் விடமாட்டார். "வடிவு உங்களுக்கா, எனக்கா?"

பல்கலைக்கழகத்தில் என் கட்டுரைகள் சிவந்து திரும்பியபோது நான் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. சொன்னதையெல்லாம் மாற்றினேன், பட்டம் கிடைத்தது. அவற்றில் எந்த வரி என்னுடையது என்று இப்போது கேட்டால் தெரியாது.

போன டொல்பின் பருவத்துக்கு முன் கடற்கரை விடுதியொன்று தன் விருந்தினரை ஏற்ற ஒரு வள்ளம் தேடியது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் வேண்டுமாம். கில்பட் உட்பட ஏழு பேர் எழுதினார்கள். கிடைக்காவிட்டால் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மறுபடி வலை ஏற்றவேண்டியதுதான் என்றார் மாமா.

அவருடைய விண்ணப்பத்தின் மூன்றாம் பந்தியில் ஒரு வரி இருந்தது: சில நாள் டொல்பின் வராது, அன்றைக்குக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதைச் சுற்றி வட்டமிட்டு "வேண்டாம்" என்று எழுதினேன். இரண்டாம் முறை எழுதியதில் மற்றப் பிழையெல்லாம் திருந்தி, கோடு போடப் புதிதாகச் சில வந்திருந்தன. அந்த வரி அப்படியே. மறுபடியும் வட்டமிட்டேன்.

"வேல கேட்டுப் போற இடத்தில ஆரும் இப்பிடி எழுதுவாங்களா மாமா?"

"வராட்டி வள்ளத்தில நிண்டு ஏச்சு வாங்கிறது நீங்களா, நானா?"

"முதல்ல வேல கிடைக்கட்டும்."

"ஓம் டீச்சர்."

அந்த "ஓம்" எனக்குத் தெரிந்தது. அப்பாவும் அம்மாவிடம் அப்படித்தான் சொல்வார்.

எல்லாம் திருத்தி ஒரு நல்ல பிரதி எழுதித் தாருங்கள், கடைசியாகப் பார்த்துவிடுகிறேன் என்றேன். அவர் நேரே விடுதிக்குப் போய், கோடும் வட்டமுமாய்ச் சிவந்து கிடந்த அந்தத் தாளையே கொடுத்துவிட்டு வந்தார்.

"இதையா குடுத்தீங்க?"

"பின்ன? டீச்சர் பாத்த தாள். வெறுந்தாளை ஆர் மதிப்பான்?"

வேலை அவருக்குக் கிடைத்தது. முகாமையாளர் அந்த வட்டத்தைக் காட்டி, யார் போட்டது என்று விசாரித்தாராம். "எங்கட டீச்சர் எண்டன். அவ கடல் இல்லாத ஊரா எண்டு கேட்டார். நான் ஒண்டும் சொல்லயில்ல." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் சிரிப்பை அடக்கியது.

நல்ல பிரதி இன்னும் வரவில்லை. வந்தால் மூன்றாம் பந்தியை என்ன செய்வது என்று நானும் முடிவு செய்யவில்லை. காலையில் கரையில் என்னைக் கண்டால், ஒரு கை இயந்திரத்தில் இருக்க, மறுகை விரலால் காற்றில் பெரிய வட்டமொன்று போட்டுக் காட்டுகிறார்.

"நாளைக்கு, பிள்ள."