ஒதுக்கு என்று ஒரு பொத்தான்

மின்னஞ்சல் திரை செய்கிறவன் பிழைப்பு, வீட்டு வாசலுக்குப் படி கட்டுகிறவன் பிழைப்பு மாதிரி; படி சரியாக இருந்தால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை, தடுக்கி விழுந்தால் மட்டும் கட்டினவன் யாரென்று கேட்பார்கள். நாகர்கோவிலில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் அந்தப் படி கட்டுகிறேன். பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் தமிழிலேயே மின்னஞ்சல் கொடுக்கிற கம்பெனி. கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன், பழைய புத்தகக் கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் புத்தகங்களைப் படித்து நானாகவே இதற்குள் வந்து விழுந்தேன். ஆட்கள் அதிகம் புழங்காத நேரத்தில்தான் திரையைக் கழற்றி மாட்ட முடியும் என்பதால் எனக்கு என்றைக்கும் ராத்திரி ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பேன்.

நீங்கள் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு 'அனுப்பு' எங்கே என்று திரை முழுக்கத் தேடியிருக்கிறீர்களா? சரியான கடவுச்சொல்லைப் போட்டும் தவறு என்று மூன்று தடவை திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நாம் ஒரே கூட்டம். ஒரு வித்தியாசம், உங்களைத் தேடவைத்தவன் நான். இங்கே சொல்லப்போவதில் முக்கால்வாசி ஒரே ஒரு பொத்தானைப் பற்றியது. அதற்குப் பெயர் வைத்தவன் நான். தேங்காய்ப்பட்டணத்துப் பெண் ஒருத்தியின் வெளிநாட்டு வேலை அந்தப் பெயரில் போய் மாட்டிக்கொண்டது. நேராக அங்கே போக வெட்கமாக இருக்கிறது. அதனால் சின்னத் தப்புகளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான்கு எழுத்து

வேண்டாத விளம்பரக் கடிதங்களைத் தள்ளிவிட எல்லா மின்னஞ்சலிலும் ஒரு பொத்தான் உண்டு. ஒரு தடவை அமுக்கினால் அந்தக் கடிதம் குப்பைக்குப் போகும். அதே ஆள் பிறகு அனுப்புகிறதெல்லாம் நம் கண்ணில் படாமலே குப்பைக்குப் போகும். முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். இதற்குத் தமிழில் என்ன எழுதுவது? அகராதியில் கிடைத்த சொற்கள் எல்லாம் பொத்தானைவிட நீளமாக இருந்தன. கடைசியில் 'ஒதுக்கு' என்று வைத்தேன். வேண்டாதவர்களை ஒதுக்குகிறோம் இல்லையா, அந்த அர்த்தத்தில். நான்கே எழுத்து, பொத்தானுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

எங்கள் கம்பெனியில் புகார் கேட்கிற காது ஜெசிந்தா. பகலில் வருகிற போனையெல்லாம் எடுத்து, கேட்டதை நோட்டில் எழுதி, என் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அவளிடம்தான் முதலில் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் சொன்னதைப் பாராட்டு என்று நினைத்துப் பல நாள் மனசுக்குள் வைத்திருந்தேன்: "நல்லா இருக்கு அண்ணே, அடுக்களைல நிக்க மாதிரியே இருக்கு."

சாம்பல் நிறம்

பத்மநாபபுரத்தில் கோட்டைக்குள் குடியிருக்கிற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நேரில் வந்துவிட்டார். கையில் பூதக்கண்ணாடி. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து போட்டால் வெளிநாட்டுக்காரன் செய்தது மாதிரி இருக்கும் என்பது அன்றைக்கு என் எண்ணம். அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியை வைத்து, 'வெளியேறு' என்ற சொல்லைக் கண்டுபிடித்து, எழுந்து என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இது ஆளுக்குத் தெரியணும்னு எழுதுனியளா, தெரியப்பிடாதுன்னு எழுதுனியளா?"

ஒட்டிப் பிறந்த இரண்டு

'பதில்' பொத்தானையும் 'எல்லோருக்கும் பதில்' பொத்தானையும் நான் ஒட்டி ஒட்டி வைத்திருந்தேன். கீரிப்பாறைப் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர். அலுவலகம் முழுக்கப் போன ஒரு சுற்றறிக்கைக்கு, பக்கத்து அறைக் கூட்டாளிக்கு மட்டும் என்று நினைத்து, "மானேஜர் நாலு பழம்பொரி தின்னுட்டு இப்பம்தான் கண்ணசந்தாரு, மெதுவா செய்யலாம்" என்று பதில் போட்டார். அது எல்லோருக்கும் போனது. மானேஜருக்கும் போனது. மானேஜர் கோபப்படவில்லையாம், "நாலு இல்ல, ரெண்டு" என்று எல்லோருக்கும் பதில் போட்டாராம்.

ஜெசிந்தாவின் நோட்டில் இந்தப் புகாருக்கு எதிரே நான் 'பயனர் பிழை' என்று எழுதினேன். அமுக்கினவன் மேல் தப்பு என்று அர்த்தம். இந்த இரண்டு சொல்லை எழுதிவிட்டால் புகார் முடிந்தது. எங்கள் தொழிலில் இவ்வளவு மெத்தென்ற தலையணை வேறு கிடையாது. எழுத்தர் மட்டும் சமாதானம் ஆகவில்லை. "அண்ணாச்சி, ரெண்டயும் இப்படி ஒட்டி வச்சிட்டு நம்மள கொற சொன்னா எப்படி? வெரலுக்கு என்ன, கண்ணா இருக்கு?"

வைத்த கடிதத்தைக் காணவில்லை

அதற்குப் பிறகு நோட்டில் ஒரே மாதிரிப் புகார் வர ஆரம்பித்தது. ஒரு பால் சங்கச் செயலாளர், ஒரு பள்ளிக்கூட ஆபீஸ், குவைத்தில் வெல்டிங் வேலை பார்க்கிற ஒரு குளச்சல்காரர். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: முக்கியமான கடிதம் வந்தது, பத்திரமாக வைத்தேன், இப்போது காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் தங்கள் கையாலேயே 'ஒதுக்கு' பொத்தானை அமுக்கியிருந்தார்கள். குப்பை என்று தானே தள்ளிவிட்டு நம்மிடம் கேட்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். பயனர் பிழை. பயனர் பிழை. பயனர் பிழை. சில புகார்களை உள்ளே போய்ப் பார்க்கக்கூட இல்லை. 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்ற ரெடிமேட் பதிலைத் தட்டிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் நான் வருகிறவரை ஜெசிந்தா கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். நோட்டைத் திருப்பி என் கையெழுத்தையே எனக்குக் காட்டினாள். "அண்ணே, ஒரே பிழைய இத்தன பேரும் கூடிப் பேசி வச்சா செய்வாவ?"

ஷைனி

நான் அதற்கும் அசையவில்லை. இரண்டு நாள் கழித்து, "பகல்ல ஒருக்கா வந்துட்டுப் போங்க, ஒரு பிள்ள வந்து உக்காந்திருக்கு, நீங்களே பேசுங்க" என்று ஜெசிந்தா போன் செய்தாள். போனேன். ஷைனி, தேங்காய்ப்பட்டணம், நர்ஸ். கருங்கலில் பஸ் மாறி வந்திருந்தாள். அவள் படித்த நர்சிங் கல்லூரி கொடுத்த கணக்கு எங்களுடையது. வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரி அவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் போட்டிருந்தது. 'வருகிறேன்' என்று பதில் அனுப்பினாள். அடுத்த கடிதத்தில் படிவங்கள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகக் காத்திருந்தாள். இங்கே பார்த்த வேலையையும் விட்டுவிட்டாள். படிவம் வரவேயில்லை.

கணக்கைத் திறந்தேன். இடது பக்கம் 'மேலும்' என்று ஒரு சொல் இருந்தது. திரை சுத்தமாக இருக்கட்டும் என்று பல பெட்டிகளை நான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைத்திருந்தேன். அமுக்கினேன். குப்பைப் பெட்டிக்குள் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்றில் படிவங்கள். இன்னொன்றில் நினைவூட்டல். படிவம் அனுப்பக் கடைசித் தேதி போன வாரம். முதலில் வந்த கடிதம் முப்பது நாள் முடிந்து அழிந்தே போயிருந்தது. அவள் இரண்டு கடிதத்தையும் திரையோடு முகத்தை வைத்து வாசித்தாள். நான் கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது: "ஏம்மா 'ஒதுக்கு' அமுக்கினிய?" அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "முக்கியமான கடிதம்லா சாரே? அதான் ஒதுக்கி வச்சேன்."

அப்போதுதான் எனக்குக் காது கேட்டது. எங்கள் பக்கத்து அடுக்களையில் கழுவின பாத்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள்; அதாவது அதனதன் இடத்தில் எடுத்து வைப்பார்கள். சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி, "சோறு ஒதுக்கி வச்சிருக்கு, வந்து தின்னுங்க" என்பாள். எனக்கென்று எடுத்து மூடி வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். அந்தச் சொல்லுக்கு நான் பேப்பர் தமிழில் அர்த்தம் எடுத்து, குப்பைத் தொட்டி மேல் எழுதி ஒட்டிவிட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தவர்கள் எல்லாம் அதில் போட்டிருக்கிறார்கள். இதை அவளிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "சாரே, ஒங்க வீட்டுல ஒதுக்கி வச்ச சாதனத்த எல்லாம் தூரக் களைஞ்சிருவாவளா?"

பதினாறாவது வரி

அவள் போன பிறகு நோட்டைப் புரட்டினேன். இரண்டு வாரம் முன்னால், பக்கத்தின் பதினாறாவது வரியில், ஜெசிந்தாவின் கையெழுத்தில் இருந்தது: 'ஷைனி, தேங்காய்ப்பட்டணம், எதிர்பார்த்த கடிதம் வரவில்லை, அவசரம்.' எதிரே என் கையெழுத்து: பயனர் பிழை. அன்றைக்குக் கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. 'மேலும்' என்பதை அமுக்கிப் பாரும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். 'தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்' என்று எழுதி அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "கடிதம் நல்லா இருக்கு சாரே. ஆனா தப்பு செஞ்ச ஆளையே இதுல காணலியே?" அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: பொத்தானுக்குத் தவறான பெயர் வைத்தது நான், அவள் முன்கூட்டியே கேட்டபோது பார்க்காமல் விட்டதும் நான், இந்தப் பெண் மேல் ஒரு தவறும் இல்லை. கம்பெனித் தாளில் அனுப்பக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டவரும் இல்லை. என் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, பயனர் பிழைன்னு ஏற்கெனவே எழுதி முடிச்ச கேச, நீங்களே எதுக்குத் தோண்டி எடுக்கிய?"

அறிவிப்பு

பதிலுக்காக ஷைனி காத்திருந்த நாட்களில் பொத்தானை மாற்றினேன். 'இது வேண்டாம்' என்பது ஜெசிந்தா சொன்ன பெயர். பொத்தானை அகலமாக்க வேண்டியிருந்தது. அரை மணி நேர வேலை. குப்பைப் பெட்டியை 'மேலும்' என்பதிலிருந்து வெளியே எடுத்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தேன். 'ஒதுக்கு என்று அமுக்கியவர்கள் உடனே குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள், தவறு எங்களுடையது' என்று எல்லாக் கணக்குக்கும் அறிவிப்பு அனுப்பினேன்.

பலருக்கு அது போய்ச் சேரவில்லை. ஏனென்று பார்த்தேன். கம்பெனியிலிருந்து முன்பு அனுப்பிய அறிவிப்புகளை, முக்கியமாயிற்றே என்று அவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதனால் இந்த அறிவிப்பும் நேராகக் குப்பைக்குப் போயிருந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். நடுவில் ஜெசிந்தா பேனாவைக் கீழே வைத்தாள். "நம்மள மதிக்காதவங்களுக்கு எல்லாம் ஒழுங்கா கிட்டிருக்கு அண்ணே. மதிச்சவங்களுக்குத்தான் போய்ச் சேரல."

பதில்

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்துவிட்டதென்று ஷைனிதான் போன் செய்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டேன். அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். என் கடிதத்தைப் படித்ததாகவும், அவள் மேல் தப்பில்லை என்று தெரிவதாகவும் எழுதியிருந்தார்கள். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது, எப்போது என்று சொல்ல முடியாது, இந்தக் கடிதத்தைக் காட்டினால் மறுபடி இண்டர்வியூ இல்லாமல் எடுத்துக்கொள்வார்களாம். அதுவரைக்கும் இங்கே முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இடம் கேட்டுப் பார்த்தாளாம். ராத்திரி டியூட்டி மட்டும் இருக்கிறதென்று சொல்ல, சேர்ந்துவிட்டாள்.

மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. குரலில் குத்தல் எதுவும் இல்லை, உண்மையாகவே கேட்டாள். "அவங்க கூப்பிடுகது வரைக்கும் இந்தக் கடிதம் பத்திரமா இருக்கணும் சாரே. இத நான் எங்க வைக்கட்டு? நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருடம் மின்னஞ்சல் திரை செய்தவன் என்ற தகுதியில் நான் அவளுக்குச் சொன்ன யோசனை, அச்செடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளம்மா என்பதுதான்.